பாஞ்ச்கர் டிக்ரிக்குப் போன கடைசி சைக்கிள்

சைக்கிள் கூட்டம் ஒன்று ரோட்டில் போனால் முன்னால் போகிறவனைத்தான் சனம் பார்க்கும். அவனுக்குக் கறுப்புக் கண்ணாடி, தலையில் ஹெல்மெட், முதுகில் பை, வாயில் விசில். கடைசியில் வருகிறவனை யாரும் பார்ப்பதில்லை. அவன் வருவதற்குள் நாய்கூடக் குரைத்து ஓய்ந்து படுத்திருக்கும். அழகர்சாமி அந்தக் கடைசி சைக்கிள்காரர்.

அது ஒரு வேலை. போர்ட் பிளேயரில் சுதாகர் என்று ஒரு பையன். அப்பா மெயின்லேண்டிலிருந்து சர்க்கார் வேலைக்கு வந்தவர். இவனுக்கு ஆபீஸ் பிடிக்கவில்லை, சைக்கிள்தான் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்களைச் சேர்த்துக்கொண்டு சௌல்தாரியில் கிளம்புவான். வயல், பாக்குத் தோப்பு, ஆட்டுப் பட்டி எல்லாம் தாண்டி, மேட்டின் மேலே இருக்கிற பழைய பஸ்திகளைக் காட்டிவிட்டு மத்தியானம் திரும்புவான். வெள்ளைக்காரன் காலத்தில் கைதியாகக் கப்பலில் வந்து, பிறகு நிலம் கிடைத்து, இங்கேயே கல்யாணம் கட்டிப் பிள்ளை பெற்றவர்களின் ஊர்கள் அவை. போகிற வழியில் ஒருத்தருக்கு டியூப் பஞ்சராகும், ஒருத்தருக்குச் செயின் கழலும், ஒருத்தர் மூச்சு வாங்கி ரோட்டோரம் உட்கார்ந்துவிடுவார். அவர்களைத் தேற்றிக் கூட்டிக்கொண்டு வர, பம்ப்பும் பஞ்சர் சாமானும் வைத்துக்கொண்டு பின்னால் ஒரு ஆள் வேண்டும். வாரநாளில் அழகர்சாமி சௌல்தாரியில் ஒரு பாக்குத் தோப்புக்குக் காவல். ஞாயிற்றுக்கிழமை இது.

அவருக்கு இந்த வேலை வாகாக அமைந்தது. பிறந்ததிலிருந்தே அவர் கடைசியில் வந்த ஆள்தான்.

அவருடைய தாய் தகப்பன் சிலோனில் தேயிலை எஸ்டேட்டில் இருந்தவர்கள். ரெண்டு தேசத்துச் சர்க்காரும் பேசி முடித்து, இவர்களைக் கப்பலேற்றி அனுப்பின. மற்றவர்கள் ஊட்டி, கொடைக்கானல் என்று போன பிறகு, மிச்சமிருந்தவர்களைக் கொண்டுவந்து நிக்கோபாரில் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் இறக்கினார்கள். அங்கே பிறந்தவர் அழகர்சாமி. பள்ளிக்கூடம் போனார், ரப்பர் பால் வெட்டினார், இருபத்தெட்டு வயசு வரைக்கும் கடலைப் பெரிதாக மதித்ததில்லை. அப்புறம் சுனாமி வந்தது. அவர் காட்டுக்குள் மரத்தடியில் இருந்தார், அம்மா கீழே கடைக்குப் போயிருந்தார். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை, நாமும் விட்டுவிடலாம்.

அதற்கப்புறம் போர்ட் பிளேயரில் கப்பல் ஜெட்டியில் மூட்டை தூக்கினார். ரங்கத் போகிற பஸ்ஸில் கிளீனராகத் தொங்கிக்கொண்டு போனார். எங்கேயும் வேர் பிடிக்கவில்லை. கல்யாணம் என்று பேச்செடுத்தவர்களிடம் அடுத்த கப்பல் வரட்டும் என்பார். எந்தக் கப்பல் என்று அவருக்கும் தெரியாது. அப்படியே தலையில் பாதி வெளுத்துப்போயிற்று.

அப்படிப்பட்ட ஆளைத்தான் பாஞ்ச்கர் டிக்ரி பிடித்துப் போட்டது.

இங்கே குன்றுக்கு டிக்ரி என்று பெயர். பெங்காலியானாலும் தெலுங்கனானாலும் மலையாளியானாலும் அதைத்தான் சொல்வான். மெயின்லேண்டிலிருந்து வந்த ஒருத்தர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, இங்கே என்ன டிகிரி கொடுக்கிறார்கள் என்று கேட்டார். ஏறி முடிச்சிட்டு வாங்க சார், மேலயே கான்வகேஷன் வச்சிடலாம் என்றான் சுதாகர். அஞ்சு வீடு இருந்ததால் பாஞ்ச்கர். இப்போது ரெண்டில்தான் அடுப்பு எரிகிறது. மற்ற மூன்றும் கூரை இறங்கி, சுவருக்குள் பப்பாளி முளைத்து நிற்கின்றன. நடுவில் கல் கட்டிய கிணறு. கிணற்றைச் சுற்றி ஆளுக்கொன்றாக நட்ட மாமரங்கள், ஒவ்வொன்றும் அதை நட்ட கைதியின் ஊர் ஜாதி. ஒன்று பழுத்தால் நார் நாராக இருக்கும், ஒன்று சர்க்கரைப் பாகு, ஒன்று புளிப்பு. நட்டவர்களின் குணம் அப்படி என்று சொல்லிக்கொள்வார்கள்.

அங்கே ஏறுகிற பாதையைச் சொல்லவேண்டும். கீழே வயல் இருக்கிற வரைக்கும் உலகம் உலகமாக இருக்கும். ட்ராக்டர் சத்தம், டீக்கடை ரேடியோ, எவனோ எவனையோ திட்டுகிற சத்தம். முதல் வளைவு தாண்டியதும் ஒன்றொன்றாக அணைந்துபோகும். மூங்கில் ரெண்டு பக்கமும் சாய்ந்து மேலே முட்டிக்கொண்டு நிற்கும். விடிகாலையில் பனிமூட்டமாக மஞ்சு இறங்கியிருந்தால் முன்னால் போகிற சைக்கிள்கள் ஒவ்வொன்றாகப் பாலில் விழுந்த மாதிரி மறைந்துவிடும். பேச்சு மட்டும் வரும், ஆள் இருக்காது. அப்புறம் பேச்சும் வராது. அழகர்சாமி தன்னுடைய சக்கரம் சருகில் உருளுகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு மிதிப்பார். கொஞ்ச நேரத்தில் மிதிப்பது தானா, இல்லை மேடுதான் தன்னை மெதுவாக உள்ளே இழுத்துக்கொள்கிறதா என்று அவருக்கே புரியாது. உச்சியில் மஞ்சு கிழியும். அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் கடல் வானத்தோடு ஒட்டிக்கொண்டு, எது எது என்று தெரியாமல், துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி கிடக்கும். அவ்வளவு பெரிய சண்டாளக் கடல், அந்த உயரத்திலிருந்து வேட்டி. அதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கும்.

அடுப்பு எரிகிற ரெண்டு வீட்டில் ஒன்று ருக்குவுடையது.

ருக்குவின் தகப்பனும் சிலோனிலிருந்து கச்சாலுக்கு வந்தவர்தான். அந்தத் தோட்டம் ஒத்துவராமல், கைக்குழந்தையோடு கிளம்பி வந்து, டிக்ரி மேல் ஒரு பழைய குடும்பத்தின் தோப்பில் வேலைக்கு நின்றார். அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போகும்போது தோப்பில் ஒரு துண்டை இவருக்கே விட்டுப் போனது. ருக்கு வளர்ந்தது முழுக்க ஹிந்தியில். ஆட்டைக் கூப்பிடுவது, அடுத்த வீட்டோடு சண்டை போடுவது, கனவு காண்பது எல்லாம் ஹிந்தி. தமிழ் என்பது ஆத்தாவோடு பேசுகிற பாஷை. ஆத்தா செத்த பிறகு மேட்டில் அதைப் பேச ஆளில்லாமல் டிரங்குப் பெட்டியில் போட்ட புடவை மாதிரி மடித்து வைத்திருந்தார். கல்யாணம் ஆகி, அந்த மனுஷன் காய்ச்சலில் போய், அதற்கும் வருஷம் பல ஆயிற்று. தம்பி சண்முகம் புரோத்ராபூரில் தண்ணீர் லாரி ஓட்டுகிறான். அக்காவைக் கீழே வந்துவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டே இருப்பான்.

சைக்கிள்காரர்களுக்கு ருக்கு தேங்காய் ரொட்டியும் இடித்த மிளகாய்ச் சம்பலும் சாயத்தண்ணியும் போட்டுக் கொடுப்பார். பால் இல்லாத தேயிலைக்குச் சாயத்தண்ணி என்று பெயர். முதல் தடவை அழகர்சாமி மேலே வந்து சேர்ந்தபோது எல்லாரும் தின்று முடித்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ருக்கு அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஆறிப்போச்சு, சூடா ஒண்ணு தட்டித் தாரேன், சாயத்தண்ணி குடிங்க என்றார். கச்சாலை விட்டு வந்த இருபது வருஷமாக அந்த வார்த்தையை அவரிடம் யாரும் சொன்னதில்லை. அவர் கிணற்றுக் கல்லில் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தார். தொண்டை சுட்டது சூட்டினால்தானா என்று அவரைக் கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்.

அதிலிருந்து கடைசியில் வருகிறவருக்கு என்று ஒரு ரொட்டி தட்டாமல் மாவாகவே இருக்கும். அவர் தலை தெரிந்த பிறகுதான் கல்லில் விழும். பேச்சென்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆடு ஒன்று குட்டி போட்டது, கிணற்றில் பாம்பு விழுந்தது, நீங்க இன்னைக்கு ரொம்ப லேட்டு, அந்தக் குண்டு சாரைப் பாதி மேடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தேன், அப்படியா, அவரு இங்க வந்து நானே முதல்னு சொல்லிக்கிட்டு இருந்தாரே. இவ்வளவுதான். ஆனால் வாரம் முழுக்கப் பாக்குத் தோப்பில் அழகர்சாமி இதையே திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டிருப்பார். தோப்பு முதலாளி கூப்பிட்டால் காதில் விழாது. மஞ்சுக்குள் எங்கேயோ மிதித்துக்கொண்டிருப்பார்.

இப்படி ரெண்டு மாம்பழக் காலம் போயிற்று. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வாயாலேயே கெடுத்துக்கொண்டார்.

அன்றைக்குக் கூட்டத்தில் ஜெயராணி டீச்சர் வந்திருந்தார். போர்ட் பிளேயரில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர், வாய் சும்மா இருக்காது. ருக்குவின் வாசலில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, அண்ணே, மழையானாலும் காய்ச்சலானாலும் ஒரு வாரம் நீங்க தவறுறதில்லையாமே, அப்படி என்னண்ணே இருக்கு இங்க என்று கேட்டுவிட்டார். கேட்டதில் கொஞ்சம் விஷமமும் இருந்தது. உள்ளே அடுப்படியில் ரொட்டி தட்டுகிற சத்தம் நின்றது. அழகர்சாமிக்குக் காது சிவந்துபோயிற்று. தமிழ் டீச்சர் கேட்கிறார், ஹிந்தி கலக்காமல் சுத்தமாகச் சொல்லிவிடுவோம் என்று, கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மலைக்காகத்தான் வாரேன் டீச்சர். வேறென்ன இருக்கு?"

எல்லாரும் கைதட்டினார்கள். அவருக்குத் தான் சொன்னது பெரிய கவிதை மாதிரி இருந்தது. கேட்கவேண்டியவருக்கு விளங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அவருக்கென்று மாவு இல்லை. மற்றவர்களுக்குச் சுட்டதிலேயே ஒன்று, ஆறிப்போனது, தட்டில் மூடி வைத்திருந்தது. ருக்கு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருந்தார். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். எதிரே வந்தால், வாங்க, சாப்பிடுங்க என்பார், அவ்வளவுதான், தபால்காரரிடம் பேசுவது மாதிரி. அழகர்சாமி யோசித்து யோசித்துப் பார்த்தார். டீச்சர் முன்னால் அப்படிச் சொன்னது ரோஷமாகிவிட்டதோ, விதவைப் பொம்பளையைக் கூட்டத்தில் வைத்துச் சாடையாகப் பேசிவிட்டோமோ என்று மருகினார். மன்னிப்புக் கேட்கலாம் என்று பார்த்தால் அதற்கு அந்தம்மா நிற்கவேண்டுமே.

அந்தச் சமயம் பார்த்து மழை பிடித்தது. இந்தத் தீவில் மழை பிடித்தால் விடுவது அதன் இஷ்டம். ஒரு வாரம் அடித்ததில் டிக்ரிப் பாதையில் ரெண்டாம் வளைவு அப்படியே சரிந்து கீழே மூங்கிலுக்குள் போய்விட்டது. சுதாகர் வந்து பார்த்தான். தலையைச் சொறிந்தான். இனிமே பாஞ்ச்கர் வேண்டாம் அழகர் பாய், வண்டூர்ப் பக்கம் கடலோரமா ரூட் போட்டுடலாம், ரோடு நல்லா இருக்கு, யாரும் மூச்சு வாங்க மாட்டாங்க என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. சம்பளம், நேரம், எல்லாம் முன்னே மாதிரியேதான்.

அழகர்சாமி சரி என்று தலையாட்டினார். ரெண்டு ஞாயிறு வண்டூர் ரோட்டில் கடைசி சைக்கிளாகப் போனார். கடல் பக்கத்திலேயே கூட வந்தது, நாய் மாதிரி. அவருக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பஞ்சர் ஒட்டும்போது ஒட்டவேண்டிய இடத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் ஒட்டினார். டீக்கடையில் யாரோ சொன்னார்கள், டிக்ரி ருக்கு மழை விட்டதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போகிறதாம், ஆட்டையெல்லாம் விலை பேசிவிட்டார்களாம் என்று.

இதுவரைக்கும் அந்த மேட்டுக்கு அவர் தானாக ஒருநாளும் போனதில்லை. போனதெல்லாம் யாருக்கோ பின்னால். முன்னால் ஒரு கூட்டம் இருந்தது, அதனால் இவர் பின்னால் இருந்தார். இப்போது கூட்டம் இல்லை. போனால் தனக்காகப் போனதாக ஆகும். போகாவிட்டால் அந்த வீடும் பப்பாளி முளைத்து நிற்கும்.

மூன்றாவது ஞாயிறு சுதாகருக்குப் போன் போட்டு, தனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு டிக்ரிப் பக்கம் திருப்பினார்.

அன்றைக்கு இருந்த மஞ்சு அவர் அதுவரை பார்க்காத மஞ்சு. மழை விட்டு மரமெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. எதிரே மறைந்து போக சைக்கிள் எதுவும் இல்லாததால் பாதையே மறைந்து மறைந்து திறந்தது. சரிந்த இடத்தில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு வேரைப் பிடித்து ஏறினார். மேலே போகப் போக, எப்போதோ கேட்ட குரல்கள் எல்லாம் மூங்கிலுக்குள் இருந்து பேசுவது மாதிரி இருந்தது. ஜெட்டிக் கூலிகள், ரங்கத் பஸ் டிரைவர், கச்சாலில் கூடப் படித்தவர்கள். ஒருத்தரும் அவரைத் தடுக்கவில்லை. எல்லாரும் வழிவிட்டு ஒதுங்கி நிற்பது மாதிரி ஒரு நினைப்பு. கால் வலித்ததா என்றால் அதுகூட அவருக்கு ஞாபகம் இல்லை.

ருக்கு கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். மஞ்சிலிருந்து சைக்கிளும் ஆளுமாக ஒன்று வெளியே வருவதைப் பார்த்துக் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை.

"மத்தவங்க எங்க?"

"யாரும் இல்ல. நான் மட்டுந்தான்."

"அப்ப எதுக்கு வந்தீங்க? இன்னைக்குத்தான் மலை இல்லையே."

அழகர்சாமி திகைத்துப்போனார். காலுக்குக் கீழே பார்த்தார். சுற்றிப் பார்த்தார்.

"மலை எங்க போயிடும்? இந்தா நிக்கிறோமே அதுமேல."

"இது டிக்ரி" என்றார் ருக்கு. "நான் மலையைச் சொல்றேன். மலைக்காகத்தான் வாரேன்னு டீச்சரம்மாகிட்ட நீங்கதானே சொன்னீங்க, எல்லாருக்கும் கேக்குற மாதிரி. மலைக்காக வாரவரு மலை இல்லாத அன்னைக்கு எதுக்கு வாரது?"

முதலில் அழகர்சாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் எங்கேயோ அடியாழத்திலிருந்து ஒரு விடியற்காலை எழும்பி வந்தது. இருட்டில் அம்மா உலுக்குகிறாள், எந்திரிடா, மலைக்கு நேரமாச்சு. கச்சாலில் மலை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது, ரப்பர் மரம்தான். ஆனால் சிலோன் எஸ்டேட்டில் தேயிலை எல்லாம் மலையில் இருந்ததால், அந்தச் சனத்துக்கு வேலைக்குப் போவதென்றால் மலைக்குப் போவது. இன்றைக்கு மலை உண்டா என்றால் வேலை உண்டா என்று அர்த்தம். கப்பலேறி, கடல் தாண்டி, சமதரைக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு மாறவில்லை. அழகர்சாமி இருபது வருஷம் மதுரைக்காரனோடும் ராமநாதபுரத்துக்காரனோடும் பேசிப் பழகியதில் அதை மறந்துபோனார். ருக்குவுக்கு மறக்க வழியில்லை. அவருக்குத் தெரிந்த தமிழே ஆத்தா விட்டுப்போன அந்தத் தமிழ்தான். குன்று என்றால் டிக்ரி, மலை என்றால் வேலை. வேறு அர்த்தம் இருப்பதாக யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

ஆக, தட்டாமல் எடுத்து வைத்த மாவுக்குப் பதிலாக, வேலைக்காகத்தான் வருகிறேன், இங்கே வேறென்ன இருக்கிறது என்று அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கிறார் இந்த மனுஷன்.

அழகர்சாமிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. சைக்கிளை மாமரத்தில் சாய்த்தார். அது சரிந்து விழுந்தது. எடுத்து நிமிர்த்தாமல் அப்படியே விட்டார்.

"நான் சொன்னது அந்த மலை இல்லைங்க. கீழ இருக்குற தமிழ்க்காரங்க எல்லாம் டிக்ரியைத்தான் மலைன்னு சொல்லுவாங்க. இந்த டிக்ரிக்காக வாரேன்னு சொன்னேன்."

ருக்கு நம்பவில்லை. டிக்ரியை யாராவது மலை என்பார்களா, இவர் சமாளிக்கிறார் என்கிற மாதிரி பார்த்தார். அப்புறம் அந்தச் சொல்லை ஒருதரம் உதட்டுக்குள் திருப்பிப் பார்த்துக்கொண்டார். வாளியைக் கிணற்றுச் சுவரில் வைத்தார்.

"சரி. டிக்ரியில என்ன இருக்கு? மூணு வீடு இடிஞ்சு கெடக்கு."

"நாலாவதுல நீங்க இருக்கீங்க."

சொல்லிவிட்டு அழகர்சாமி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மஞ்சு கலைந்துகொண்டிருந்தது. கடல் தெரிகிறதா என்று பார்த்தார். தெரியவில்லை. தெரிய வேண்டும் என்றும் இல்லை. இலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் கிணற்றுக்குள் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது, எங்கேயோ ஆழத்தில் யாரோ மெதுவாக நடப்பது மாதிரி.

ருக்கு கிணற்றுக் கயிற்றைச் சுருட்டி வைத்தார். தாழ்வாரக் கொடியில் கிடந்த துண்டை எடுத்து, நனைஞ்சு கெடக்கீங்க, துவட்டுங்க என்று நீட்டினார். உள்ளே போனார். தட்டுகிற சத்தம் வரவில்லை. பெட்டி திறக்கிற சத்தம் வந்தது. புடவை மாற்றிக்கொண்டு, கையில் குடையோடு வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

"தம்பி இன்னைக்கு வீட்டுலதான் இருப்பான். என்கிட்ட சொன்னதை அவன்கிட்டயும் வந்து சொல்லுங்க. ஆடு விலையை அவன்தான் பேசினான், அவனே வேண்டாம்னு சொல்லட்டும். நான் கீழ போயி இருக்குற ஆளு இல்ல. இங்க இருக்க உங்களால ஆகுமா?"

ஆகும் என்றார் அழகர்சாமி. அப்புறம் அது போதாது என்று தோன்றி, இன்னொரு தரமும் ஆகும் என்றார்.

"பாத்துச் சொல்லுங்க. அவன்கிட்ட மலை, கிலைன்னு எதையாவது சொல்லி வைக்காதீங்க. அவனுக்கும் எங்க ஆத்தா தமிழ்தான்."

ரெண்டு பேரும் இறங்கினார்கள். பின்னால் கேரியரில் ஏறுங்கள் என்று அவர் சொன்னதற்கு, எனக்கு உசிரு மேல ஆசை இருக்கு என்றுவிட்டு ருக்கு நடந்தார். அதனால் அவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். மூங்கிலுக்குள் மஞ்சு மறுபடியும் மூடியது. குடை ஒரு கறுப்புப் பூ மாதிரி முன்னால் மிதந்துகொண்டு போனது. சரிந்த வளைவு வந்ததும் ருக்கு நின்று, திரும்பி, கையை நீட்டினார். சைக்கிளைக் கொடுங்க, ரெண்டு பேருமாத் தூக்கலாம் என்றார். ஆளுக்கொரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் கால் பாவி, பக்கவாட்டில் அடி வைத்து அடி வைத்து இறங்கினார்கள். ஒவ்வொரு அடிக்கும் மணி தானாக ஒருதரம் அடித்தது.